எந்தப் படியால் அளந்தோம்? இந்திய, சீன இறக்குமதிகள்: ஓர் ஒப்பீடு



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு அழைத்தபோது, அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தார் என்னிடம் ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்கள். பொருளியலைத் தமிழில் பேச வேண்டும். கல்லூரி வாசலை மிதிக்காத ஒருவர் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தாலும் அவருக்கும் விளங்க வேண்டும். இதைவிட நல்ல நிபந்தனை ஒரு பேச்சாளனுக்குக் கிடைக்காது. ஆகவே எல்லோருக்கும் தெரிந்த மரக்காலிலிருந்து தொடங்குகிறேன்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல் அளந்த கணக்கு வரும் இடங்களைப் பாருங்கள். இத்தனை கலம் நெல் என்று எண்ணை மட்டும் வெட்டிவிட்டு அவர்கள் நகரவில்லை. 'ஆடவல்லான்' என்னும் மரக்காலால் அளந்தது என்றும், அந்த மரக்கால் 'இராசகேசரி' மரக்காலுக்கு ஒப்பானது என்றும் சேர்த்தே வெட்டியிருக்கிறார்கள். மரக்கால் இடத்துக்கு இடம் மாறும். எந்த மரக்கால் என்று சொல்லாவிட்டால் நூறு கலம் என்பது வெறும் ஓசைதான். ஆயிரம் ஆண்டுக்கு முன் கோயில் கணக்கருக்கு இருந்த அந்தக் கவலை, இன்று நாடுகளின் வாணிபத்தை ஒப்பிடுகிற நமக்கு இருக்கிறதா என்பதே இன்றைய என் கேள்வி.

எடுத்துக்கொண்ட பொருள், இந்தியாவும் சீனாவும் வெளிநாடுகளிலிருந்து வாங்கிய சரக்குகள். 1978 முதல் 2023 வரை 45 ஆண்டுகள். இரண்டும் நூறு கோடிக்கு மேல் மக்கள் வாழும் நாடுகள். இரண்டும் மூடிய கதவைப் படிப்படியாகத் திறந்தவை. இந்த ஒப்பீடு நாள்தோறும் செய்தித்தாளில் வருகிறது. பெரும்பாலும் அது படியைச் சொல்லாமல் வருகிறது.

1. அளவைகளைச் சரிபார்த்தல்

முதல் சிக்கல் ஆண்டு. இந்தியா ஏப்ரல் முதல் மார்ச் வரை கணக்கெழுதுகிறது. சீனா ஜனவரி முதல் டிசம்பர் வரை. '2020' என்று இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரு காலாண்டு வழுவும். அமைதியான ஆண்டில் அது பெரிய பிழையாகாது. பெருந்தொற்று போன்ற ஆண்டில் அதுவே முழுப் படத்தையும் கோணலாக்கும்.

இரண்டாவது நாணயம். 1990-91இல் இந்தியாவின் இறக்குமதி ஏறத்தாழ 43,000 கோடி ரூபாய். 2022-23இல் அது 57 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. ரூபாயில் பார்த்தால் 130 மடங்குக்கு மேல். அதையே டாலரில் பாருங்கள்: 2,400 கோடியிலிருந்து 71,600 கோடி டாலர், அதாவது 30 மடங்கு. நடுவில் தேய்ந்தது ரூபாய். டாலரும் தேயாத நாணயம் ஆகாது. 1990இல் ஒரு டாலர் அமெரிக்கக் கடையில் வாங்கியதில் பாதியைக்கூட 2022இல் அது வாங்காது. எனவே 30 மடங்கு என்பதும் உண்மையான சரக்கின் பெருக்கத்தைவிடப் பெரிய எண்தான்.

மூன்றாவது எல்லை. ஹாங்காங் 1997இல் சீனாவோடு சேர்ந்தது. ஆனால் அதன் சுங்க எல்லையும் வாணிபக் கணக்கும் இன்றும் தனி. இதிலிருந்து ஒரு விந்தை பிறக்கிறது. சீனாவின் இறக்குமதிப் பட்டியலில், எந்த நாட்டிலிருந்து எவ்வளவு என்ற வரிசையில், சீனாவே ஒரு நாடாக இடம்பெறும். தெற்குச் சீனாவின் ஓர் ஆலை தன் சரக்கை ஏற்றுமதி என்று எழுதி எல்லைக்கு வெளியே அனுப்புகிறது. வரித் தள்ளுபடி கிடைக்கிறது. அதே சரக்கை இன்னோர் ஆலை இறக்குமதி என்று எழுதி உள்ளே கொண்டுவருகிறது. 2010இல் இப்படித் திரும்பி வந்த சரக்கின் மதிப்பு 10,000 கோடி டாலரைத் தாண்டியது. அந்த ஆண்டு இந்தியாவின் மொத்த இறக்குமதியில் கால் பங்குக்கும் அது மேல்.

இவற்றையெல்லாம் சொல்லி எண்களை நம்பாதீர்கள் என்று நான் கூற வரவில்லை. படியைத் தெரிந்துகொண்டு நம்புங்கள் என்கிறேன்.

2. ஒரே கோட்டில் நின்ற ஆண்டு

1978இல் சீனாவின் சரக்கு இறக்குமதி ஏறத்தாழ 1,090 கோடி டாலர். இந்தியாவுடையது ஏறத்தாழ 800 கோடி டாலர். சீனாவின் மக்கள்தொகை அப்போது 95 கோடிக்கு மேல். நம்முடையது 67 கோடி அளவில். ஆளுக்குப் பங்கிட்டால் இரு நாட்டிலும் 11, 12 டாலர்தான் வரும். அன்றைக்கு இருவரும் ஒரே கோட்டில் நின்றார்கள் என்று தயங்காமல் சொல்லலாம்.

எதை வாங்கினார்கள் என்பதில் மட்டும் அப்போதே ஒரு வேறுபாடு தெரிந்தது. 1973இல், மாவோ உயிரோடிருந்த காலத்திலேயே, சீனா 430 கோடி டாலர் மதிப்பில் முழு ஆலைகளை வெளிநாட்டிலிருந்து வாங்கத் திட்டமிட்டது. அதில் 13 பெரிய உர ஆலைகள் இருந்தன. 1978 டிசம்பரில் ஜப்பானியத் தொழில்நுட்பத்தோடு பாவோஷான் உருக்காலைப் பணி தொடங்கியது. உரத்தை வாங்குவதோடு நில்லாமல் உரம் செய்யும் ஆலையையே வாங்கினார்கள்.

இந்தியாவில் அது உரிமங்களின் காலம். ஓர் எந்திரம் வேண்டுமென்றால் உள்நாட்டில் அது கிடைக்காது என்று நிரூபித்து, இறக்குமதி உரிமம் பெற்று, அந்நியச் செலாவணி ஒதுக்கீட்டுக்குக் காத்திருக்க வேண்டும். ஆனால் நமக்கு முன்யோசனை இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆசியாவின் முதல் ஏற்றுமதிப் பதப்படுத்து மண்டலம் 1965இல் நம் காண்ட்லாவில்தான் தொடங்கியது. ஷென்சென் சிறப்புப் பொருளாதார மண்டலம் 15 ஆண்டுகள் கழித்து 1980இல் வந்தது. நம் தாம்பரத்தில் 1984இல் அப்படியொரு மண்டலம் அமைந்தது. விதை நம்மிடம் முன்பே இருந்தது. அதை நாம் தொட்டியில் வளர்த்தோம், அவர்கள் வயலில் விதைத்தார்கள்.

3. மூன்று ஆண்டுகள்

1990இல் சீனாவின் இறக்குமதி 5,330 கோடி டாலர். இந்தியாவுடையது 2,400 கோடி. இடைவெளி 2.2 மடங்கு ஆகியிருந்தது. அதற்குப் பிறகு நடந்ததே இந்தச் சொற்பொழிவின் நடுப்பகுதி.

1991 கோடையில் நம்மிடம் இருந்த அந்நியச் செலாவணி ஏறத்தாழ இரண்டு வார இறக்குமதிக்குத்தான் போதும். வளைகுடாப் போரால் எண்ணெய் விலை ஏறியிருந்தது. வெளிநாட்டுக் கடன் கிடைக்கவில்லை. அப்போது வெங்கிட்டரமணன் ரிசர்வ் வங்கி ஆளுநர். ரங்கராஜன் துணை ஆளுநர். ஜூலையில் ஏறத்தாழ 47 டன் தங்கம் இங்கிலாந்து வங்கிக்கும் ஜப்பான் வங்கிக்கும் ஈடாகப் போனது. அந்தச் செய்தி வந்த காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் முதுகலை மாணவன். செய்தித்தாளை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "நாடுகூட நகையை அடகு வைக்குமாப்பா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "எதுக்கு வச்சாங்க, எப்ப மீட்பாங்கன்னு போட்டிருக்கா பாரு" என்றார். அம்மா விதைநெல்லுக்காக வளையலை அடகு வைத்து அறுவடையில் மீட்டவர். பொருளியலில் நான் பின்னர் படித்த பல புத்தகங்கள் அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கவில்லை.

அந்த நெருக்கடியில் இறக்குமதியை அமுக்கினார்கள். வேறு வழி இல்லை. 1991-92இல் இறக்குமதி 1,940 கோடி டாலராகச் சுருங்கியது. ஒரே ஆண்டில் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. விளைவு உடனே தெரிந்தது. தொழில்துறை வளர்ச்சி 1 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. வெளியிலிருந்து வரும் உதிரிபாகமும் மூலப்பொருளும் நின்றால் உள்ளூர்த் தறியும் பட்டறையும் நிற்கும். 'இறக்குமதி குறைந்தது, நல்லது' என்று எங்கேனும் படித்தால் இந்த ஆண்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதே சமயத்தில் சீனாவில் என்ன நடந்தது? 1989க்குப் பிறகு அவர்களும் இறுக்கிப் பிடித்திருந்தார்கள். 1992 தொடக்கத்தில் மூத்த தலைவர் டெங் சியாவோபிங் தெற்குப் பயணம் போய், சீர்திருத்தம் நிற்காது என்று உணர்த்தினார். வெளிநாட்டு முதலீடு வெள்ளமாக வந்தது. அது எந்திரமாகவும் உதிரிபாகமாகவும் இறங்கியது. ஏற்றுமதிக்காகக் கோத்து அனுப்பும் சரக்கென்றால் உள்ளே வரும் பாகங்களுக்குச் சுங்கவரி இல்லை. 1993இல் சீனாவின் இறக்குமதி 10,400 கோடி டாலர். மூன்றே ஆண்டில் இரு மடங்கு. நம்முடையது 1993-94இல் 2,330 கோடி டாலர், 1990இல் இருந்ததைவிடச் சற்றுக் குறைவு.

2.2 மடங்காக இருந்த இடைவெளி இப்போது 4.5 மடங்கு.

4. முப்பது ஆண்டுகள்

சீனா நம்மைவிட்டு விலகியது 2001 டிசம்பரில் அது உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்த பிறகுதான் என்று பலர் எழுதுகிறார்கள். இறக்குமதிக் கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 1993இல் விகிதம் 4.5. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நாம் கொஞ்சம் எட்டிப் பிடித்து அதை 3.3 வரை இறக்கினோம். 2000இல், அமைப்பில் சேர்வதற்கு முன்பே, அது மறுபடி 4.5 ஆகியிருந்தது. சேர்ந்த பிறகு 2003இல் 5.3 வரை ஏறியது. பின் நாம் வேகமெடுத்தோம், 2008இல் 3.7. கச்சா எண்ணெய் விலை சரிந்த 2015இல் 4.4. பெருந்தொற்று ஆண்டில் நம் இறக்குமதி கடுமையாக விழுந்ததால் 5.2. 2023இல் சீனாவின் இறக்குமதி 2.56 லட்சம் கோடி டாலர். இந்தியாவுடையது 2023-24இல் 67,800 கோடி டாலர். விகிதம் 3.8.

ஏற்றம் இறக்கம் எத்தனை இருந்தாலும், முப்பது ஆண்டு ஓடிய பின் விகிதம் 1993இல் இருந்ததைவிடச் சற்றுக் குறைவாகவே நிற்கிறது. தொடர்ந்து பின்தங்கிக்கொண்டே போகிறோம் என்ற எண்ணத்தை இந்த எண்கள் ஏற்கவில்லை. விலகல் பெரும்பாலும் ஒரு குறுகிய காலத்தில் நடந்தது. அதன்பின் இருவரும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் ஓடினோம். நம் பக்கத்திலும் கதவுகள் திறந்தன. 1991 பட்ஜெட்டில் உச்சபட்சச் சுங்கவரி 150 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. 2007-08இல் வேளாண்மை அல்லாத சரக்குகளுக்கு அது 10 விழுக்காடு. நுகர்பொருள்கள்மேல் எஞ்சியிருந்த அளவுக் கட்டுப்பாடுகள் 2001 ஏப்ரல் 1 அன்று நீங்கின.

இன்னொரு படியால் அளந்தால் படம் இன்னும் மாறும். நாட்டின் மொத்த உற்பத்தியோடு வைத்துப் பாருங்கள். 1990இல் சீனாவின் சரக்கு இறக்குமதி அதன் உற்பத்தியில் 15 விழுக்காடு அளவில் இருந்தது. நமக்கு அதில் பாதி. 2005 வாக்கில் சீனாவுக்கு அது 29 விழுக்காடு வரை ஏறி, 2022இல் மறுபடி 15 விழுக்காட்டு அளவுக்கே இறங்கிவிட்டது. நமக்கோ 2022-23இல் 21 விழுக்காடு. பொருளாதாரத்தின் பருமனோடு ஒப்பிட்டால் இன்று வெளிச்சரக்கை அதிகம் நம்பி நிற்பது சீனா அல்ல, இந்தியாதான். ஒருகாலத்தில் வெளியில் வாங்கிய பாகங்கள் பலவற்றை இப்போது அவர்கள் உள்ளேயே செய்கிறார்கள்.

5. மதிப்பும் பருமனும்

இதுவரை சொன்னதெல்லாம் மதிப்பு. மதிப்பு என்பது விலையையும் அளவையும் பெருக்கினால் வரும் தொகை. சரக்கு எவ்வளவு வந்தது என்று அறிய விலையைப் பிரித்தெடுக்க வேண்டும்.

கச்சா எண்ணெயைப் பாருங்கள். 2013-14இல் இந்தியா ஏறத்தாழ 18.9 கோடி டன் வாங்கி 14,300 கோடி டாலர் கொடுத்தது. 2015-16இல் 20.3 கோடி டன் வாங்கி 6,400 கோடி டாலர் கொடுத்தது. எண்ணெய் கூடியது, செலவு பாதிக்கும் கீழே இறங்கியது. சீனாவிலும் இதே கதைதான்: 2014இல் 30.8 கோடி டன், 2015இல் 33.6 கோடி டன். செலவோ 22,800 கோடியிலிருந்து 13,400 கோடி டாலராக இறங்கியது. அந்த ஆண்டுகளில் 'ஆசியாவின் இறக்குமதி சரிவு' என்று வந்த தலைப்புகளைப் படித்தவர், தேவை சுருங்கிவிட்டது என்றே எண்ணியிருப்பார். உண்மையில் கப்பல்கள் முன்னிலும் நிறையவே வந்தன. 2023இலும் அப்படியே. சீனாவின் இறக்குமதி மதிப்பு 5 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது; அதே ஆண்டில் வந்திறங்கிய கச்சா எண்ணெய் 11 விழுக்காடு கூடி 56 கோடி டன்னைத் தாண்டியது.

எண்ணெய்க்கு டன் இருக்கிறது. நாட்டின் எல்லாச் சரக்கையும் சேர்த்து அளக்க என்ன செய்வது? எண்ணெயையும் எந்திரத்தையும் பருப்பையும் ஒரே தராசில் போட முடியாது. அதற்குத்தான் குறியீட்டெண். ஓர் அடிப்படை ஆண்டின் விலையை நிலையாக வைத்துக்கொண்டு, அந்த விலையில் இந்த ஆண்டின் சரக்கு எவ்வளவு பெறும் என்று கணக்கிடுவது ஒரு முறை. கொல்கத்தாவில் இயங்கும் வணிகத் தகவல், புள்ளியியல் தலைமை இயக்ககம் இப்படிப்பட்ட அலகு மதிப்பு, பருமன் குறியீட்டெண்களை வெளியிடுகிறது.

இங்கும் ஒரு வழுக்கல் உண்டு. எந்த ஆண்டில் வாங்கிய சரக்குக் கூடையை எடை என்று கொள்வது? பழைய ஆண்டின் கூடை என்றார் பொருளியலாளர் லாஸ்பெயர்ஸ், 1871இல். புதிய ஆண்டின் கூடை என்றார் பாஷே, 1874இல். வீட்டுக் கணக்கில் வைத்துப் பாருங்கள். இருபது ஆண்டுக்கு முன் மண்ணெண்ணெய் நிறைய வாங்கினீர்கள், கைப்பேசி வாங்கவில்லை. இன்று நேர்மாறு. பழைய கூடையை வைத்து விலையேற்றத்தை அளந்தால் ஒரு விடை, புதியதை வைத்தால் வேறொரு விடை. இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் காண்பதை ஃபிஷர் பரிந்துரைத்தார். சீனா போல ஒரு நாட்டின் கூடை இருபதே ஆண்டில் உருமாறிப் போகும்போது இது ஏட்டுச் சண்டையாக நின்றுவிடுவதில்லை. எந்த முறை என்று சொல்லாமல் 'பருமன் இத்தனை மடங்கு' என்று எழுதுவது, மரக்காலின் பெயரைச் சொல்லாமல் கலத்தை மட்டும் சொல்வதற்குச் சமம்.

6. கூடைக்குள் என்ன?

சீனாவின் கூடையைத் திறந்தால் முதலில் இரும்புத் தாது. 2000இல் 7 கோடி டன். 2023இல் ஏறத்தாழ 118 கோடி டன். அது உருக்காகி நகரங்களாகவும் கப்பல்களாகவும் எழுந்தது. இடையில் நாமே அவர்களுக்குத் தாது அனுப்பும் பெரிய நாடுகளில் ஒன்றாக இருந்தோம். அடுத்து சோயா மொச்சை: 2000இல் 1 கோடி டன், 2020இல் 10 கோடி டன். அது பன்றிக்கும் கோழிக்கும் தீவனமாகி, மக்களின் தட்டுக்கு இறைச்சியாக வந்தது. மூன்றாவது, மின்னணுச் சில்லுகள். பல ஆண்டுகளாகச் சீனா கச்சா எண்ணெய்க்குக் கொடுப்பதைவிடச் சில்லுகளுக்கே அதிகம் கொடுக்கிறது. 2021இல் அந்தச் செலவு 43,000 கோடி டாலர். அவற்றில் பெரும்பகுதி கைப்பேசியாகவும் கணினியாகவும் மாறி வெளியே போய்விடுகிறது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் சீனாவின் மொத்த இறக்குமதியில் ஏறத்தாழ பாதி, இப்படிக் கோத்துத் திருப்பி அனுப்புவதற்காகவே வந்தது.

நம் கூடையில் கச்சா எண்ணெய்தான் மேலே. அதில் ஒரு பகுதி ஜாம்நகர் போன்ற இடங்களில் சுத்திகரிக்கப்பட்டு வெளியே போகிறது. பட்டை தீட்டாத வைரம் சூரத்துக்கு வந்து, பட்டை தீட்டிப் போகிறது. இவை நம்முடைய பதப்படுத்து வாணிபம். நிலக்கரி வருகிறது. சமையல் எண்ணெய் ஆண்டுக்கு 1.5 கோடி டன் அளவில் வருகிறது. நாட்டின் தேவையில் பாதிக்கும் மேல். நம் நியாயவிலைக் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயில் கடல் கடந்து வந்த எண்ணெய்.

பிறகு தங்கம். 2012-13இல் 1,000 டன்னுக்கு மேல், 5,380 கோடி டாலருக்குத் தங்கம் வாங்கினோம். அந்த ஆண்டு நடப்புக் கணக்குப் பற்றாக்குறை நாட்டின் உற்பத்தியில் 4.8 விழுக்காடு. அடுத்த ஆண்டு வரியைப் படிப்படியாக 10 விழுக்காட்டுக்கு ஏற்றினார்கள். தங்கத்தின் வரவு சரிந்தது. தமிழ்நாட்டில் தங்கத்தைப் பற்றிப் பேசும்போது அதைப் பழிக்க எனக்கு மனம் வராது. வங்கி வராத ஊரில் பெண்களுக்கு அதுதான் வங்கியாக இருந்தது; என் அம்மாவின் வளையலும் அப்படித்தான். ஆனால் நாட்டின் கணக்கில், ஒரு டன் தங்கம் பெட்டிக்குள் போனால் அங்கேயே இருக்கும். ஒரு டன் சில்லு ஆலைக்குள் போனால் வேலையாகவும் கூலியாகவும் வெளியே வரும். இரண்டையும் ஒரே எண்ணாகக் கூட்டி 'இறக்குமதி' என்று எழுதும்போது இந்த வேறுபாடு மறைந்துபோகிறது.

இந்த வேறுபாட்டுக்கு உறுதியான சான்று ஏற்றுமதிப் பக்கம் இருக்கிறது. 2023இல் சீனா 3.38 லட்சம் கோடி டாலர் சரக்கு ஏற்றுமதி செய்தது. நாம் 2023-24இல் 43,700 கோடி டாலர். இறக்குமதியில் நாம் அவர்களில் நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேல். ஏற்றுமதியில் எட்டில் ஒரு பங்கு அளவே. அவர்கள் நம்மைவிட அதிகமாக வாங்கினார்கள் என்பது சிறிய செய்தி. வாங்கியதை நம்மைவிட அதிகமாக வேறொன்றாக மாற்றினார்கள் என்பதே பெரிய செய்தி.

7. எதைக் கொடுத்து வாங்கினோம்?

அப்படியானால் நம் இறக்குமதிக்கும் ஏற்றுமதிக்கும் நடுவில் உள்ள இடைவெளியை நாம் எப்படி அடைக்கிறோம்? அம்மாவின் இரண்டாவது கேள்வி இங்கே வருகிறது. 2023-24இல் இந்தியா 34,000 கோடி டாலர் அளவுக்குச் சேவைகளை ஏற்றுமதி செய்தது. மென்பொருள் அதில் முதன்மை. வெளிநாட்டில் உழைப்பவர்கள் 11,000 கோடி டாலருக்கு மேல் வீட்டுக்கு அனுப்பினார்கள். ரிசர்வ் வங்கியின் ஆய்வுப்படி அதில் தமிழ்நாட்டுக்கு வந்தது 10 விழுக்காட்டுக்குச் சற்று மேல். சோழிங்கநல்லூரில் இரவு கண்விழிக்கும் பொறியாளரும் துபாய் வெயிலில் சாரத்தில் நிற்கும் இராமநாதபுரத்து இளைஞரும் சேர்ந்துதான் நம் எண்ணெய்க்கும் தங்கத்துக்கும் பணம் கட்டுகிறார்கள். 1991 போலத் தங்கம் விமானம் ஏறாமல் இருப்பதற்கு அவர்கள் உழைப்பு பெருங்காரணம். சரக்குக் கணக்கை மட்டும் பார்ப்பவருக்கு அவர்கள் தெரிய மாட்டார்கள்.

சரக்குப் பக்கத்திலும் ஒரு மாற்றம் தொடங்கியிருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துக்குள் வரும் பெட்டகங்களில் சீனாவிலிருந்து வரும் கைப்பேசிப் பாகங்கள் நிறைய இருக்கின்றன. 2023-24இல் தமிழ்நாட்டின் மின்னணு ஏற்றுமதி 950 கோடி டாலரைத் தாண்டியது. பாகங்கள் சீனாவிலிருந்து வருகின்றனவே என்று வருந்துபவர்கள் இருக்கிறார்கள். ஷென்சென் தொடங்கிய விதமும் அதுதான் என்பதை அவர்களுக்கு நினைவூட்டுவேன். கோப்பதோடு நின்றுவிடுகிறோமா, பாகங்களையும் இங்கே செய்யக் கற்கிறோமா என்பதையே ஆண்டுதோறும் அளந்து பார்க்க வேண்டும்.

8. இரு ஏடுகள்

முடிப்பதற்கு முன் ஒரு சோதனை. சீனாவிலிருந்து இந்தியா வாங்கியது எவ்வளவு? நம் ஏட்டில் 2023-24க்கு ஏறத்தாழ 10,170 கோடி டாலர். சீனச் சுங்கத்தின் ஏட்டில் 2023க்கு ஏறத்தாழ 11,770 கோடி. இறக்குமதியைக் கப்பல் கூலியும் காப்பீடும் சேர்த்து எழுதுவார்கள். ஏற்றுமதியைத் துறைமுக விலையில் எழுதுவார்கள். ஆகவே வாங்குபவரின் எண்தான் பெரிதாக இருக்க வேண்டும். இங்கே தலைகீழ். ஆண்டு மாற்றம் ஒரு காரணம். ஹாங்காங், சிங்கப்பூர் வழியாக வரும் சரக்கு வேறு பெயரில் பதிவாவது ஒரு காரணம். வரியைக் குறைக்க விலையைக் குறைத்து எழுதும் பட்டியல்களும் ஒரு காரணம். ஒரே கடலைக் கடக்கும் ஒரே சரக்குக்கு இரு கரைகளிலும் இரண்டு எண்கள். இந்த வேறுபாட்டை ஒளிக்கக் கூடாது. அதை எழுதிக் காட்டுவதுதான் நேர்மையான கணக்கு.

மாணவச் செல்வங்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறை, இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவு நடக்கும் நாளில், உங்கள் துறையிலிருந்து ஒரே ஒரு தாள் தமிழில் வெளிவரட்டும். அதில் இந்தியா, சீனா இரண்டின் இறக்குமதியும் இருக்கட்டும். டாலர் மதிப்பு ஒரு வரிசையில், எண்ணெய்க்கும் தாதுவுக்கும் சமையல் எண்ணெய்க்கும் டன் கணக்கு அடுத்த வரிசையில், வந்ததில் எவ்வளவு வேறு பொருளாகி வெளியே போயிற்று என்பது மூன்றாவது வரிசையில். எந்த ஆண்டு, எந்த நாணயம், எந்த முறை என்று ஒவ்வொன்றின் கீழும் எழுதுங்கள். அதைச் செய்தித்தாள்களுக்கு அனுப்புங்கள். பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டுங்கள்.

அப்படியொரு தாள் 1991இல் என் கையில் இருந்திருந்தால், எதுக்கு வச்சாங்க, எப்ப மீட்பாங்க என்று கேட்ட அம்மாவுக்கு நான் பதில் வாசித்திருப்பேன். அன்று என்னிடம் பதில் இல்லை. உங்கள் அம்மாக்கள் கேட்கும்போது உங்களிடம் இருக்க வேண்டும்.